குளத்தடி வீதிக்குப் பச்சை நிறம்

எங்கள் மாவட்டத்தில் என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று வருஷா வருஷம் யோசிப்பதற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. வெள்ளம், தீ, இடி, மலைச்சரிவு, ரசாயனக் கசிவு, தேர்த்திருவிழா நெரிசல் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அது வர எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு சேதம் என்று மதிப்பெண் போட வேண்டும். இரண்டையும் பெருக்கினால் வருவது ஆபத்தின் அளவு. அதிகம் என்றால் கட்டத்துக்குச் சிவப்பு, நடுவாந்தரம் என்றால் மஞ்சள், குறைவு என்றால் பச்சை. அந்தக் கட்டங்கள் தாலுகாவிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து டெல்லிக்கும் போகும். மேலே போகப் போக எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள். டெல்லிக்குப் போய்ச் சேரும்போது கோயமுத்தூர் முழுக்க ஒரே நிறமாகியிருக்கும். நல்ல பச்சை.

அந்தப் பிரிவுக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. துணை வட்டாட்சியராகப் பதவி உயர்வு வந்தபோது காலியாக இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். பட்டா, சாதிச் சான்று என்று ஜனங்கள் தேடி வரும் நாற்காலிக்காரர்களுக்குத் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வரும். பேரிடர் மேலாண்மைக்காரியை யார் தேடி வரப்போகிறார்கள்? சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் "அக்கா, இப்ப எந்த செக்சனுங்க?" என்று கேட்பார்கள். சொன்னதும், "அட பரவால்லீங்க, அடுத்த வருசம் நல்ல எடமாக் கெடைக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கெட்டதை எழுதுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யோசனை.

வேலையில் முதல் தொல்லை எங்கள் ஊர்ப் பேச்சுதான். விதிமுறைப்படி ஒவ்வொரு பகுதியிலும் கூட்டம் போட்டு, "நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மிக மோசமான நிலை எது?" என்று கேட்க வேண்டும். கொங்கு நாட்டில் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள். டீ வரும், பன் வரும், பதில் மட்டும் வராது. "அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க." "அதையெல்லாம் எதுக்குங்க வாயில வெச்சுக்கிட்டு." பஞ்சு குடோன் முழுக்க எரிந்து போன ஒருவர்கூட என்னிடம், "அன்னிக்குக் கொஞ்சம் சூடாயிப்போச்சுங்க" என்றுதான் சொன்னார். கெட்டதை வாயால் சொன்னால் அது காது கேட்டு வந்துவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். எனக்கும் உண்டு. ஆனால் எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

இரண்டாவது தொல்லை, இங்கே யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 'பாக்கலாமுங்க' என்றால் முடியாது. 'ஆகட்டுமுங்க' என்றால் இப்போதைக்கு நீங்கள் கிளம்பலாம். 'அதுக்கென்னுங்க, தாராளமா' என்றால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷம் இங்கேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. மேலே அனுப்பும் திட்டத்தில் அந்த மூன்றுக்கும் ஒரே சொல்தான் எழுதுவோம்: 'சம்மதம்.'

சிங்காநல்லூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குளத்தின் கரைக்குக் கீழே ஒரு வீதி இருக்கிறது. பெயர் வேண்டாம். இங்கே சொட்டு மழை இல்லாதபோதும் மேற்கே மலையில் கொட்டினால் நொய்யலில் தண்ணீர் வந்து குளம் நிரம்பும். குளம் நிரம்பி வழிந்தால் முதலில் போய் நிற்கும் இடம் அந்த வீதிதான். பெரும்பாலும் கணுக்காலோடு வடிந்துவிடும். அந்த வீதியின் கடைசி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். பனியன் கம்பெனிகளிலிருந்து துணி வாங்கி வந்து வீட்டில் தைப்பவள். சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். "எங்கூருல குடிக்கத் தண்ணி இல்லீனுதான் இங்க வந்தமுங்க. இங்க வந்து தண்ணியப் பாத்துப் பயந்துக்கிட்டு இருக்கறமுங்க" என்று முதல் தடவை பார்த்தபோதே சொன்னாள். கூட்டம் போட்டதில் கெட்டதை வாய்விட்டுச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

சொல்லக் காரணம் இருந்தது. அவள் புருஷன் கட்டட வேலையில் சென்டரிங் பலகையிலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. ஜன்னலோரம் ஒரு கட்டில், அதில் தண்ணீர் நிரப்பிய மெத்தை. அதுதான் அவர் உலகம். முதுகுக்குக் கீழே ஒரு படுக்கைப்புண் வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்து, அவள் மாதக்கணக்கில் மருந்து வைத்துக் கட்டி ஆற்றியிருந்தாள். நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். உட்காரவே விடக் கூடாது, புண் திறந்தால் பிறகு பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மனிதர் நல்ல கேலிக்காரர். "நாந்தானுங்க உங்க டிப்பார்ட்மெண்டு வாச்சுமேன். படுத்துக்கிட்டே கொளத்தப் பாத்துக்கறனுங்க. சம்பளந்தான் வர்றதில்ல" என்பார்.

ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் நான் கணக்கெடுக்கப் போகும்போது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"ஏனுங்க மேடம், தண்ணி வந்துபோடுச்சுனா இவர எங்கீங்க கொண்டு போறது?"

ஒவ்வொரு வருஷமும் நான் ஒரே பதிலைத்தான் சொல்வேன். மேட்டில் இருக்கிற கல்யாண மண்டபம். பக்கத்துப் பள்ளிக்கூடம் வீதியைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகலாமென்றால் தரைப்பாலம்தான் முதலில் முழுகும். மிச்சம் மண்டபம் ஒன்றுதான். பழைய நூல் மில் ஒன்றை இடித்து அந்த இடத்தில் கட்டியது. மில்லை நடத்தியவரே மண்டபத்துக்கும் சொந்தக்காரர். வயதானவர், வெள்ளைச் சட்டை, எந்நேரமும் குவித்த கை. "வாங்க அம்மணி, மோர் குடிங்க" என்று உட்கார வைத்துவிட்டுத்தான் பேச்சையே எடுப்பார். மழைக்காலத்தில் தேவைப்பட்டால் மண்டபத்தை நிவாரண மையமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், "அதுக்கென்னுங்க, தாராளமா. உங்க மண்டபமுங்க" என்பார். நான் 'சம்மதம்' என்று எழுதிக்கொண்டு வருவேன்.

ஒரு வருஷம் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி பயிற்சி கொடுக்க வந்திருந்தார். சின்ன வயது, பொறுமைசாலி. குறை சொல்ல ஒன்றுமில்லை. மாவட்டப் படத்தைத் திரையில் போட்டு ஒவ்வொரு இடத்துக்கும் நிறம் கொடுத்துக்கொண்டே வந்தார். குளத்தடி வீதி வந்தபோது நான் எழுந்து, சிவப்பு வேண்டும் என்றேன். சிவப்பு என்றால் மழைக்காலம் முழுக்க ஸ்ட்ரெச்சர் வைத்த வண்டி ஒன்று அந்தப் பகுதிக்கென்றே நிற்கும். நிவாரண மையத்தை வேறு எதற்கும் கொடுக்காமல் அரசாங்கமே வாடகை கட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கட்டில்காரருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இதுவரைக்கும் அங்க உயிரிழப்பு எத்தனை மேடம்?"

"இல்லைங்க சார்."

"நிவாரண மையம்?"

"இருக்குங்க சார். சம்மதம் வாங்கியிருக்கோம்."

"அப்ப பாதிப்பு மதிப்பெண் இன்னும் குறையும் இல்லையா?"

குறைந்தது. நான் வாங்கி வந்த சம்மதமே என் வீதியைப் பச்சையாக்கிவிட்டது. யாரும் தண்ணீரில் சாகாத இடத்துக்கு ஸ்ட்ரெச்சர் கொடுக்க அந்தக் கணக்கில் வழியில்லை. ஒருவரால் எழுந்து நடக்க முடியாது என்று சொன்னேன். "ஒரு நபர்" என்று குறித்துக்கொண்டார். பிறகு சாப்பாட்டுக்குப் போனோம், கத்தரிக்காய் நன்றாக இருந்தது.

ஐப்பசியில் மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே குளம் வழிகிறது என்று போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வீதியில் முழங்காலுக்குத் தண்ணீர், ஏறிக்கொண்டிருந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஏறத் தொடங்கியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் இல்லாததால் கடைசி வீட்டுக் கதவையே கழற்றி, அதில் அந்த மனிதரைப் படுக்க வைத்து, போர்வை போர்த்தி நான்கு பேர் தோளில் தூக்கினார்கள். அவள் மெத்தையின் தண்ணீரை வடித்துச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். நான் முன்னால் போனேன்.

மண்டபத்து வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. சீரியல் விளக்கு எரிந்தது. நாதஸ்வரம் கேட்டது.

எங்கள் திட்டத்தில் பருவமழை எப்போது வரும் என்று இருந்தது. காற்றின் வேகம் இருந்தது. வடகிழக்குப் பருவமழை வரும் ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்த மாசங்கள் என்பது, கல்யாணப் பத்திரிகை வாங்கி வாங்கி அலுத்துப்போன எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் அந்த மண்டபம் காலியாகத்தான் கிடக்கும். எங்களுக்கு அது வேண்டியிருந்த இரண்டு மாசம் ஊருக்கே வேண்டியிருந்தது. மண்டபக்காரரும் பொய் சொல்லவில்லை. கேட்டவரிடம் இல்லையென்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

கல்யாணப் பெண்ணின் அப்பா வாசலில் நின்றிருந்தார். பெருந்துறைக்காரர், அங்கே ஏதோ சின்னத் தொழிற்சாலை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. நனைந்து வந்த ஜனங்களைப் பார்த்ததும் ஒரு நொடிகூட யோசிக்காமல் கை கூப்பினார். "வாங்க, வாங்க. உள்ள வாங்க. பந்தி நடக்குதுங்க, மொதல்ல சாப்பிடுங்க." குளத்தடிக்காரர்கள் கூசிக்கொண்டு நின்றார்கள். அழைக்கப்படாத கல்யாணம், அதுவும் இந்த மாதிரிக் கல்யாணங்களில் அவர்களைப் பின்வாசலுக்கு மேல் யாரும் கூப்பிட்டதில்லை. அவர் விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார். அந்தப் பெருந்துறைக்காரரை இன்றைக்கும் என்னால் கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டம்.

பிறகு கதவுப்பலகை வந்தது.

நான்கு பேர் தோளில், போர்வை போர்த்திய ஆள். மறுநாள் முகூர்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் முகம் மாறியது. ஒரு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்து, கூப்பிய கையைப் பிரிக்காமலே சொன்னார்: "ஏனுங்க மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரே பொண்ணுங்க. இந்நேரத்துல வாசல்ல இப்படி... பொம்பளைங்க மனசு சங்கடப்படுமுங்க. பின்னாடி வழியா வந்துரலாமுங்களா?"

பின்னால் சமையல் கொட்டகை. தரையெல்லாம் சேறு, கேஸ் சிலிண்டர், கொதிக்கிற அண்டா. அங்கே அவரைப் படுக்க வைக்க முடியாது என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது அரசாங்கத்தின் நிவாரண மையம், அவர் படுத்தே ஆக வேண்டும், ஓர் அறை காலி பண்ணிக் கொடுங்கள் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். "அதுக்கென்னுங்க, பண்ணிப்போடலாமுங்க" என்று அவர் ஓர் ஆளை அனுப்பினார். மண்டபக்காரரும் "இருங்க அம்மணி, நான் பாக்கறேன்" என்று போனார். போனவர்கள் திரும்பவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க மேடம், கல்யாண வீடு" என்றார். பலகையைத் தூக்கியவர்களுக்குத் தோள் நடுங்கத் தொடங்கியிருந்தது.

அப்போது பலகையிலிருந்து அந்த மனிதர் பேசினார்.

"ஒரு சேரு குடுங்க. உக்காந்துக்கறன்."

"நீங்க உக்காரக் கூடாதுங்க" என்றாள் அவள்.

"எனக்குத்தான் வலிக்காதே கண்ணு." அவளைப் பார்த்துச் சிரித்தார். "படுத்துக்கிட்டுப் போனாத்தான் பொணம். உக்காந்துக்கிட்டுப் போனா விருந்தாளி. நாமும் ஒரு கல்யாணத்துக்குப் போயி எத்தன வருசமாச்சு."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்து, துண்டால் இடுப்பை நாற்காலியோடு கட்டினார்கள். போர்வையை எடுத்துவிட்டு யாரோ ஒரு சட்டையை மாட்டினார்கள். பெண்ணின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தானே சந்தனக் கிண்ணத்தை எடுத்து அவர் நெற்றியில் வைத்து, பன்னீர் தெளித்து, "வாங்க மச்சான்" என்று உறவு சொல்லிக் கூப்பிட்டார். நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. நாற்காலியோடு நடு வாசல் வழியாக அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன். கரையில் மண்மூட்டை அடுக்க ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்தது. அறை கிடைத்ததும் படுக்க வைத்துவிடுங்கள் என்று மண்டபக்காரரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அதுக்கென்னுங்க" என்றார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்த பிறகுதான் என்னால் திரும்பி வர முடிந்தது. அவர் அதே நாற்காலியில், மணமேடைக்கு எதிரில், கையில் அட்சதை ஒட்டிக்கொண்டிருக்க உட்கார்ந்திருந்தார். அறைகளெல்லாம் நிறைந்திருந்தன. கேட்டபோதெல்லாம் எல்லோரும் இதோ என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கும் அதட்டிக் கேட்கத் தெரியவில்லை. அவரும் கேட்கவிடவில்லை. "எலையில ஒப்புட்டு ரெண்டு தடவ வெச்சாங்க மேடம்" என்று என்னிடம் சொன்னார். அவள் அவர் பின்னால், சுருட்டிய மெத்தை மேல் உட்கார்ந்திருந்தாள்.

புண் திறந்துகொண்டது. கார்த்திகையும் மார்கழியும் ஆஸ்பத்திரியில் போயிற்று. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். மாசியில் அவர் போய்விட்டார். பெருந்துறைக்காரர் துக்கத்துக்கு வந்து கடைசிவரை இருந்தார். மண்டபக்காரர் வண்டி அனுப்பினார். முறையில் யாரும் குறை வைக்கவில்லை.

மழைச் சாவு என்று பதிவு செய்ய முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். தண்ணீரில் மூழ்கியது, சுவர் இடிந்தது, மின்னல், மின்சாரம் என்று தலைப்புகள் இருந்தன. "புண்ணுக்கு எந்தத் தலைப்புங்க மேடம் போடறது?" என்று கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்கள்.

அடுத்த மழைக்கு முன் மறுபடி மதிப்பெண் போட்டோம். குளத்தடி வீதிக்கு வெள்ளம் வர வாய்ப்பு ஒரு மதிப்பெண் கூடியது, ஏனென்றால் வந்துவிட்டது. ஆனால் உயிரிழப்பு இல்லை. நிவாரண மையம் சிறப்பாகச் செயல்பட்டது, உணவு தாராளம். தானாக நடக்க முடியாதவர் என்ற இடத்தில் போன வருஷம் ஒன்று என்று இருந்தது, இந்த வருஷம் அதுவும் இல்லை. பெருக்கிப் பார்த்தேன். பச்சை. முன்னைவிட நல்ல பச்சை. முகூர்த்த நாட்களில் மண்டபம் கிடைக்காது என்று அடியில் எழுதி அனுப்பினேன். சராசரி பார்க்கையில் அது எங்கேயோ விழுந்துவிட்டது. சண்டை போட எனக்கு வாய் வரவில்லை; கணக்கில் தப்பு எதுவும் இல்லை.

வழக்கம்போல வீதிக்குக் கணக்கெடுக்கப் போனேன். கடைசி வீட்டில் கட்டில் இல்லை. அந்த ஜன்னலோரத்துக்குத் தையல் மிஷின் வந்திருந்தது. அவள் மிஷினை நிறுத்திவிட்டு டீ வைத்துக் கொடுத்தாள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய கேள்விக்காகக் காத்திருந்தேன். மண்டபம் என்று இந்தத் தடவை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவள் எனக்குச் சிரமம் வைக்கவில்லை.

"இந்த வருசம் எங்கூட்டுக்கு ஏற்பாடெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க மேடம்" என்றாள். "தண்ணி வந்தா நான் நடந்தே போயிக்குவனுங்க."